‘ரன்’ என்றால் ஓடு மட்டுமா?
தம்பிலுவிலில் ஒரு பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியில் ‘ரன் – ஓடு’ என்று ஒற்றை வரி கண்டேன். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு, அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அகராதியின் 1989 பதிப்பில் பொருள் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த ‘செட்’டையும் ‘ரன்’ முந்திவிட்டது. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ தெரிந்த பிள்ளை, வீட்டில் சீனி ‘ரன் அவுட்’ என்ற வசனத்தைக் கண்டதும் திகைத்து நிற்கிறது. திகைக்கவே தேவையில்லை. நம்முடைய ‘ஓடு’ம் இலேசுப்பட்டதா? அக்கரைப்பற்று பஸ் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. தமிழ்நாட்டில் கார் ஓட்டுவார்கள், நாங்கள் காரே ஓடுவோம்! இதையெல்லாம் பிள்ளை பாடமாக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்தே பொருளைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தையும் இந்த வழியில்தான் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கடையை ‘ரன்’ பண்ணலாம், தேர்தலில் ‘ரன்’ பண்ணலாம், காய்ச்சலைக்கூட ‘ரன்’ பண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வசனம் எழுதட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் வருகிற வாசிப்புப் பந்தியிலும் எந்தச் சொல்லும் தனியே வந்து நிற்பதில்லையே.