யாரும் ஆடாத ஓபனிங்... ‘பீஸ்ட்’ அதிபன் பாணி ஏன் எடுபடுகிறது?

செஸ் போட்டியில் முதல் 15, 20 நகர்த்தல்களை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வருவதுதான் இன்றைய வழக்கம். பலமான என்ஜின், பயிற்சியாளர், உதவிக்கு ஆட்கள் என எல்லாம் பணம் பிடிக்கும் சமாச்சாரம். சரி, அந்த வசதி இல்லாத ஆட்டக்காரர் என்ன செய்வார்?

தமிழ்நாட்டு கிராண்ட்மாஸ்டர் பாஸ்கரன் அதிபன் காட்டிய வழி ஒன்று உண்டு. மனப்பாடப் பாதையை விட்டு ஆட்டத்தை வேறு பக்கம் இழுத்துவிடுவது. ரசிகர்கள் வைத்த பெயர் ‘பீஸ்ட்’.

2017 ஜனவரியில் நெதர்லாந்தின் டாடா ஸ்டீல் மாஸ்டர்ஸ். 14 பேர் ஆடிய அந்தத் தொடரில், ரேட்டிங்கில் அதிபன் கீழ்வரிசை. எதிரே செர்கே கர்யாகின். இரண்டு மாதம் முன்புதான் கார்ல்சனுடன் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதியவர். கறுப்புக் காய்களுடன் அதிபன் எடுத்தது பிரெஞ்சு டிஃபென்ஸ். உச்ச மட்டத்தில் பலர் ஒதுக்கிவைத்த தற்காப்பு அது. சொந்த சிப்பாய்களே தங்கள் பிஷப்பை அடைத்துவிடும் என்பது பழைய குறை. ஆனாலும் வென்றது அதிபன்தான்! தொடரை மூன்றாம் இடப் பகிர்வோடு முடித்தார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ‘விநோதம்’ என்ற முத்திரை நிரந்தரமில்லை. 1850-களில் கொல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருடன் மகேஷ் சந்திர பானர்ஜி ஆடிய ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. நடுக்கட்டங்களைச் சிப்பாயால் பிடிக்காமல், ஓரத்தில் பிஷப்பை வைத்து தூரத்திலிருந்து தாக்கும் பாணி அவருடையது. நம் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவாது; அந்தப் பழக்கம்தான் காரணம் என்கிறார்கள். அன்று ஐரோப்பியருக்கு விசித்திரமாகத் தெரிந்ததுதான் பின்னாளில் ஃபிஷரும் காஸ்பரோவும் ஆயுதமாக எடுத்த கிங்ஸ் இந்தியன். பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது.

அப்போ, எதையாவது விநோதமாக ஆடினால் ஜெயித்துவிடலாமா? முடியாது. 2023 உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது ஆட்டத்தில் டிங் லிரென் நான்காவது நகர்த்தலாக ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். உலகமே அசந்தது, ஆட்டத்தை இழந்தது டிங். எதிராளி குழம்பும்போது, நமக்காவது அடுத்த திட்டம் தெரிந்திருக்க வேண்டும். அனந்தபுரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிப் போட்டிகளில் யூடியூப் பார்த்துவிட்டு திடீர் ஓபனிங் ஆடும் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அதிபனுக்கு அந்தத் திட்டம் கைவசம் இருந்தது. 2018-ல் ரெய்க்யாவிக் ஓபன் பட்டம் அவருக்கு. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய ‘பி’ அணியில் குகேஷ், பிரக்ஞானந்தாவுடன் அவரும் ஒருவர்.

அதே குகேஷ், 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். டிங் எடுத்தது எது தெரியுமா? பிரெஞ்சு டிஃபென்ஸ்! பிறகு 13-வது ஆட்டத்தில் டிங் அதையே மீண்டும் இறக்கினார். இந்த முறை குகேஷ் தயாராக இருந்தார். நெருக்கிப் பார்த்தார், ஆட்டம் டிரா. அடுத்த ஆட்டத்தில் பட்டம் குகேஷுக்கு வந்தது.