பெப்டைடு படிச்சா சோறு போடுமா?

போன ஞாயிறு தமிழ்ச் சங்கக் கூட்டத்துல ஒரு நண்பர் புலம்பினார். மகள் பெப்டைடு ஆராய்ச்சிக்குப் போகணும்னு நிக்கிறாளாம். "அமினோ அமிலத்தைக் கோத்துக்கிட்டிருந்தா சோறு போடுமா சார்?" சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

நான் வெறும் பி.காம். எனக்கே அது புரியுது. செல்லுக்குள்ள சேதி போறதே ஒரு புரதம் இன்னொண்ணைப் பிடிக்கிறதாலதான். 1986-ல கனடாவுல டோனி பாஸன் குழு எஸ்.எச்.2-ங்கிற பகுதியை அடையாளம் காட்டுச்சு. டைரோசின் மேல பாஸ்பேட் ஏறியிருந்தா அது பிடிச்சுக்கும். 1993-ல லூயிஸ் கேன்ட்லி குழு ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி பெப்டைடுகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. பாஸ்பேட் மட்டும் போதாது, அடுத்த மூணு அமினோ அமிலமும் பொருந்தணும்னு தெரிஞ்சது. செக்குல முத்திரை மட்டும் இருந்தாப் பணம் தருவோமா? கையெழுத்தும் ஒத்துப்போகணும்ல? அந்த மாதிரிக் கையெழுத்துதான் பெப்டைடு.

இந்தச் சேதி தாறுமாறாப் போனா புற்றுநோய் வரலாம். பெப்டைடு செல்லுக்குள்ள லேசுல நுழையாது, சீக்கிரம் சிதைஞ்சும் போகும். அதனாலதான் இன்னும் ஆள் தேவைப்படுது.

பெப்டைடு சங்கிலி எப்படியெல்லாம் வளையும்னு 1963-ல கணக்குப் போட்ட ஜி.என்.ராமச்சந்திரன் அப்போ சென்னைப் பல்கலைக்கழகத்துலதான் இருந்தார். இது நமக்குப் புதுசில்ல!

இருபது வருஷ வீட்டுக்கடனுக்கு யோசிக்காமக் கையெழுத்துப் போடுறோம். பொண்ணு அஞ்சு வருஷம் கேட்டா மட்டும் கணக்குப் பார்க்கிறோம். உதவித்தொகை எவ்வளவு, வழிகாட்டி யார்னு கேளுங்க, தப்பில்ல. படிப்பைக் கேலி பண்ணாதீங்க. என்ன சொல்றீங்க?