நெல்லுக்குக் கூரை எங்கே?

சாப்பிட்டாச்சா தோழர்? உங்க தட்டுக்கு வரவேண்டிய டெல்டா நெல், ரோட்டோரத்துல தார்ப்பாய்க்கு அடியில முளைச்சுக்கிட்டு இருக்கு!

ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நட்டால், அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில்தான். கூடவே வடகிழக்குப் பருவமழையும் வரும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கு கோட்டைக்குத் தெரியாதா?

அப்பா நாற்று விட்டு, அம்மா களை பறிச்சு, நகையை அடகு வெச்சு விளைய வெச்ச நெல். கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா, "ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுது, காயவெச்சு எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புறாங்க. கொட்டுற மழையில எங்கே காயவைக்கிறது?

நெல் நனைஞ்ச பிறகுதான் டெல்லிக்குக் கடிதம், அப்புறம் குழு, அப்புறம் ஆய்வு!

மழையை நிறுத்தச் சொல்லல. கொள்முதல் நிலையத்துக்குக் கூரையும் உலர்த்தும் இயந்திரமும் கேட்கிறோம். பகிருங்கள், கோட்டைக்குக் கேட்கட்டும்!

#நெல்லுக்குக்_கூரை