பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்கள்



2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நம் தமிழகத் திருஅவையைச் சார்ந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள், தங்கள் பங்கிலேயே தாங்கள் ஒதுக்கப்படுவதாக முறையிட்டார்கள். நீதிமன்றமும் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது என் வேலையல்ல. ஆனால் ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வாங்கும் நாம், "எங்களையும் சமமாக நடத்துங்கள்" என்று கேட்பதற்குத் தில்லி வரை போக வேண்டிய நிலை ஏன் வந்தது? இந்தக் கேள்வி கோட்டப்பாளையத்துக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லாப் பங்குகளுக்கும் உரியது.

இது நேற்று வந்த நோயும் அன்று. மறைசாட்சி தேவசகாயம் 1745ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற ஊர் வடக்கன்குளம். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று நாம் இன்று போற்றும் புனிதர் அவர். அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோவிலில், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்த நடுவே சுவர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் போனவர்களும் கிறிஸ்தவர்களே. 2008 மார்ச் மாதம் எறையூரில் நம்மவர்களுக்குள் மூண்ட சாதி மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இருவர் இறந்தார்கள்.

திருஅவை இதைக் கண்டிக்காமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதைப் பற்றி அவர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்பதே அவருடைய அறிவுரை. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, திருஅவைக்குள்ளும் இந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆகவே போதனைக்குக் குறைவில்லை. பிறகு குறை எங்கே இருக்கிறது?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், அன்பியங்கள் தெருவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. தெருக்களோ சாதிவாரியாக இருந்தன. எனவே ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரர் வீட்டு வாசலை மிதிக்காமலேயே அன்பியம் நன்றாக நடந்துகொண்டிருந்தது! நான் இரண்டு தெருக்களை ஒரே அன்பியமாகச் சேர்த்தேன். யாரும் எதிர்க்கவில்லை. கடைசித் தெருவில் ஒரு தாயின் வீட்டுக்கு முறை வந்தது. வீட்டைக் கழுவி, பாய் விரித்து, சுண்டலும் சுக்குக் காப்பியும் செய்து வைத்திருந்தார். மற்றத் தெருவிலிருந்து மூன்று பேர்தான் வந்தார்கள். அவர்களும் செபம் முடிந்ததும், "இன்னைக்கு விரதம்" என்று எழுந்துவிட்டார்கள். ஞாயிறன்று அந்தத் தாய் என்னிடம் வந்து, "சாமி, இனிமே எங்க வீட்டுல வேணாம் சாமி. கோயில்லயே வச்சிருங்க" என்றார். குறை சொல்லவில்லை. கண் கலங்கவுமில்லை. நானும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த "சரிம்மா" இன்றுவரை என்னை உறுத்துகிறது. எழுந்து போனவர்களின் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கும் துணிவு அன்று எனக்கு இல்லை.

அந்தியோக்கியாவில் நடந்ததைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும், பர்னபாவும்கூட விலகினார்கள். கவனியுங்கள்! பேதுரு தவறான போதனை எதுவும் கொடுக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. பந்தியிலிருந்து விலகினார், அவ்வளவுதான். ஆனால் பவுலுக்கு அது சிறிய காரியமாகத் தெரியவில்லை. நற்செய்தியின் உண்மையே அங்கு மீறப்படுகிறது என்று கண்டு, எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராக அவரைக் கண்டித்தார்.

நம்மில் பலர், "நான் யாருக்கும் தீமை செய்வதில்லை, யாரையும் சாதி சொல்லிப் பேசுவதில்லை" என்று ஆறுதல் அடைகிறோம். பேதுருவும் அப்படிச் சொல்லியிருக்கலாம். காப்பியைத் தொடாமல் எழுவது, கல்யாணப் பத்திரிகையை ஆள் அனுப்பிக் கொடுப்பது, சமாதானம் சொல்லும்போது ஒரு பக்கம் மட்டும் திரும்புவது ஆகிய இவையெல்லாம் சத்தமில்லாத பாவங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் இவற்றை அறிக்கையிட்டவர்கள் எத்தனை பேர்?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தவருக்கான உரிமைகள் மறுக்கப்படுவதைக் கண்டித்து, ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நியாயமான போராட்டம் அது, தொடர வேண்டும். ஆனால் அரசிடம் சமத்துவம் கேட்டுக் கொடி பிடிக்கும் நாம், அன்று மாலை அந்தச் சகோதரனின் வீட்டில் அமர்ந்து ஒரு வாய் சாப்பிடுவோமா? அவனுடைய தந்தை இறந்தால் நம் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கொடுப்போமா? அரசு நம்மிடம் இதைத் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

கல்லறைச் சுவரை இடிக்க ஆயரும் பங்குப் பேரவையும் முடிவெடுக்க வேண்டும். என்னைப் போன்ற குருக்கள் அதற்கு அஞ்சாமல் துணை நிற்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் படியேறி அமர்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த மாத அன்பியக் கூட்டம் நீங்கள் இதுவரை போகாத ஒரு வீட்டில் நடக்கட்டும். போங்கள். உட்காருங்கள். கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஏனென்றால் எழுந்து போவதையும் அமர்ந்து உண்பதையும் அவர்கள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

பாவிகளோடும் வரிதண்டுவோரோடும் ஒரே பந்தியில் அமர்ந்த ஆண்டவர், நமக்கும் அந்தத் துணிவைத் தருவாராக.