கொலைகாரனின் மதமும் நமது தராசும்

குண்டு வெடித்தவுடன் செய்தியறையில் முதலில் எழும் கேள்வி எத்தனை பேர் இறந்தனர் என்பது. இரண்டாவது, செய்தவனின் பெயர் என்ன என்பது. அப்பெயர் அரபுப் பெயராயின் மூன்றாவது கேள்விக்கு இடமில்லை. தலைப்பு அக்கணமே தயாராகிவிடும். வேறு பெயராயின், அவனது மனநிலை, தனிமை, வேலையின்மை என்று காரணங்கள் தேடப்படும். நீண்ட காலம் பத்திரிகைத் துறையில் இருப்பவன் என்ற வகையில் இவ்வேறுபாட்டை நான் தொடர்ந்து அவதானித்து வந்திருக்கிறேன்.

1995 ஏப்ரல் 19இல் ஒக்லஹோமா நகரில் 168 பேர் கொல்லப்பட்டபோது, மத்திய கிழக்குத் தீவிரவாதிகளே காரணம் என்ற ஊகம் உடனே பரவியது. பிடிபட்டவனோ அமெரிக்க இராணுவத்தின் முன்னாள் சிப்பாய் திமோதி மக்வே. 2011 யூலை 22இல் நோர்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக், கிறிஸ்தவ ஐரோப்பாவின் காவலனாகத் தன்னை அறிவித்துக்கொண்டவன். அங்கும் முதற் சந்தேகம் முஸ்லிம்கள் மீதே விழுந்தது. உண்மை வெளிவந்த பின்னர் உலகக் கிறிஸ்தவர்களிடம் எவரும் விளக்கம் கோரவில்லை. கோராதது நியாயமே. அந்த நியாயம் ஏன் எல்லோருக்கும் கிட்டுவதில்லை?

தூர தேசங்களை விடுவோம். 1959 செப்ரெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பௌத்த பிக்கு. அச்சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டவர்களுள் களனி விகாரையின் விகாராதிபதியும் ஒருவர். அதற்காகப் பௌத்தத்தைக் கொலைகார மதம் என்று நாடு தூற்றவில்லை. 2014 யூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் திகனவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, 'இனமுறுகல்', 'அசம்பாவிதம்' என்ற மெல்லிய சொற்களே நமக்குக் கைகொடுத்தன. மியன்மாரின் பிக்கு ஒருவரது வெறுப்புப் பிரசாரத்தை 2013இல் ரைம் சஞ்சிகை அட்டையில் வெளியிட்டபோது, அவ்விதழையே இலங்கை அரசு தடைசெய்தது.

2019 ஏப்ரல் 21இல் நிகழ்ந்தது என்ன? தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் மதத்தின் பெயரைச் சொல்லியே கொன்றனர். இதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் அதற்கான தண்டனையை அடுத்த மாதமே அனுபவித்தவர்கள், அக்கொலைகளோடு எத்தொடர்பும் இல்லாத குருநாகல், மினுவாங்கொடைப் பகுதி முஸ்லிம் வர்த்தகர்களும் குடும்பங்களும் ஆவர். ஒருவனின் குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாக மாறுவதற்கு மூன்று வாரங்களே போதுமாயிருந்தன.

தமிழராகிய நாமும் இதில் கைகழுவிவிட முடியாது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதற்காகச் சைவத்தைக் கூண்டில் ஏற்ற எவரும் முன்வரவில்லை. ஏற்றியிருந்தால் நாம் கொதித்தெழுந்திருப்போம். தமிழன் என்றால் புலி என்று சோதனைச் சாவடிகளில் நம்மை நிறுத்திவைத்த காலத்தை நாம் மறந்துவிட்டோமா? அந்த அளவுகோல் அநீதியானது என்று உலகெங்கும் முழங்கிய நாம், அதே அளவுகோலைக் கையிலெடுத்து அயலவனை அளப்பது எவ்வகையில் நியாயம்?

முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'இதற்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை' என்ற ஒற்றை வரி எக்காலத்துக்கும் போதாது. 2011இல் பாகிஸ்தானின் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரைச் சுட்டுக்கொன்றவன் மீது ரோஜா இதழ்களைத் தூவி வரவேற்றவர்கள் சட்டத்தரணிகள். பிற மதத்தாரின் வெறியைக் கண்டிக்கும் வாய் அவ்வேளையில் ஊமையானால், அதுவும் இரட்டை அளவுகோலே.

ஆகவே நான் கோருவது எம்மதத்துக்கும் சலுகையன்று. எல்லோருக்கும் ஒரே தராசு. மதத்தின் பெயரால் கொல்பவனையும் மேடையேறித் தூண்டும் குருவையும், காவியோ அங்கியோ தொப்பியோ எதை அணிந்திருந்தாலும், பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அவனது மதத்தில் பிறந்த ஏனையோரை அவர்கள் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பாக்காதீர்கள். இதனை ஏற்க இயலாதவர்கள் வன்முறையைக் கண்டிக்கவில்லை; தமக்குப் பிடிக்காத மதத்தையே கண்டிக்கிறார்கள். அதைத் துணிந்து சொல்லிவிட்டுச் செய்யட்டும்.