கவிழ்ந்த முஷ்டியும் நிமிர்ந்த முஷ்டியும்

இலக்கியம் பேசக் கூடும் இடத்தில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காரணம் உண்டு. எங்களில் ஒருவர் நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். மூன்றாம் வாரத்தில் இடது தோளைத் தூக்க இயலாமல் வீடு திரும்பினார். அடுத்த இரண்டு மாதங்கள், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கவும் அவருக்கு வேறொருவர் துணை தேவைப்பட்டது. விசாரித்தபோது தெரிந்தது இதுதான்: ஹூக் குத்து விடும்போது உள்ளங்கை தரையைப் பார்த்தே இருக்கவேண்டும், வேறு முறையே கிடையாது என்பது அங்கே சட்டம். வலிக்கிறது என்று சொன்னவருக்குக் கிடைத்த பதில், "பழகினால் சரியாகிவிடும்" என்பது. சரியாகவில்லை.

அன்றிலிருந்து இந்த விவகாரத்தைத் துருவிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹூக்கில் முஷ்டி எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பரம்பரை வாக்கு தீர்மானிக்கக்கூடாது. தூரமும், குத்துகிறவனின் உடலும்தான் தீர்மானிக்கவேண்டும்.

ஹூக் என்பது முழங்கையை மடக்கி, பக்கவாட்டில் வளைந்து வந்து எதிராளியின் தாடையையோ விலாவையோ தாக்கும் குத்து. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சிக்கு முஷ்டி கவிழ்ந்திருக்கவேண்டும். முன்கை தரைக்கு இணையாகவும், முழங்கை முஷ்டியின் உயரத்திலும் வரவேண்டும். இரண்டாம் கட்சிக்கு முஷ்டி நிமிர்ந்திருக்கவேண்டும். தேநீர்க் குவளையைப் பிடித்திருப்பது போலக் கட்டைவிரல் மேலே, உள்ளங்கை தன் பக்கம். இரு தரப்பும் மற்றவரை அரைகுறை என்றே கருதுகின்றன. சிற்றிதழ்ச் சண்டைகளில் ஊறிய வாசகர்களுக்கு இந்தத் தொனியைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே சிக்கல். நம் மணிக்கட்டு முன்னும் பின்னும் எழுபது, எண்பது பாகை வரை மடங்கும். பக்கவாட்டிலோ இருபது, முப்பது பாகைக்கு மேல் அசையாது. வளைந்து வரும் குத்து சற்றுப் பிசகினாலும், நிமிர்ந்த முஷ்டியில் அந்த அதிர்ச்சி மணிக்கட்டு எளிதில் மடங்கும் திசையில் பாய்கிறது. கவிழ்ந்த முஷ்டியில் அது விறைப்பான திசையில் விழுகிறது. மணிக்கட்டைக் காக்கக் கவிழ்த்துக் குத்து என்று சொல்லும் ஆசிரியர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர் தோளை மறந்துவிடுகிறார். முஷ்டியைக் கவிழ்த்து, முழங்கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தும்போது மேற்கை எலும்பு உட்புறமாகத் திரும்புகிறது. தோள்மூட்டில் தசைநார்கள் நசுங்குகின்றனவா என்று அறிய மருத்துவர்கள் நோயாளியின் கையை ஏறக்குறைய இதே நிலையில் வைத்துத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே பழுதுள்ள தோளை இந்த நிலையில் நாளுக்கு இருநூறு முறை சுழற்றச் சொன்னால் என்ன ஆகும்? எங்கள் நண்பருக்கு ஆனதுதான். போதாக்குறைக்கு உயர்ந்த முழங்கையின் கீழே விலா திறந்து கிடக்கிறது.

அப்படியானால் நிமிர்ந்த முஷ்டியே போதுமா? நெருங்கி நிற்கும்போது போதும். முழங்கை செங்கோணமாக மடங்கியிருக்க, முட்டிகள் நேராகத் தாடையைச் சந்திக்கும். எதிராளி ஓர் அடி விலகினால் கதை மாறிவிடுகிறது. கை விரிய விரிய முட்டிகள் இலக்கை விட்டு முன்னோக்கித் திரும்புகின்றன. படுவது விரல்களின் உட்புறம். அதற்குப் பெயர் அறை, குத்தல்ல. மூடிய கையுறையின் முட்டிப் பகுதியால் அடிப்பதே முறையான அடி; கையுறையின் உட்புறத்தால் அடிப்பது விதிமீறல். ஆகவே தூரம் கூடக் கூட முஷ்டி கவிழ்ந்தே ஆகவேண்டும்.

எந்த முட்டி என்பதும் முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பிணைந்தவை. சுண்டுவிரலின் எலும்போ தளர்வாக அசையக்கூடியது. சுவரிலோ பிறர் தலையிலோ பழக்கமின்றிக் குத்துகிறவர்களுக்கு அந்த எலும்பின் கழுத்துதான் முறிகிறது. 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்று அதற்குப் பெயர் வைத்தது வேடிக்கைதான்; தேர்ந்த குத்துச்சண்டைக்காரர்களைவிடத் தேராதவர்களிடமே அதை அதிகம் காணலாம்.

ஆனால் மேதைகள்கூட இதில் ஒத்துப்போகவில்லை. முன்னாள் உலக வாகையர் ஜாக் டெம்ப்ஸி 1950இல் எழுதிய பயிற்சி நூலில், தோளிலிருந்து புறப்படும் விசைக்கோடு சுண்டுவிரல் முட்டியில்தான் முடிகிறது என்று வாதிட்டார். அவர் கையால் அடிபட்டவர்கள் யாரும் அதை மறுக்கும் நிலையில் இருந்திருக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் எங்களுக்குக் கிடைத்த நல்ல விடை ஜோ ஃபிரேசியர். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பதினைந்தாவது சுற்றில், அவருடைய இடது ஹூக் முகமது அலியை மல்லாக்கத் தள்ளியது. குத்துச்சண்டை வரலாற்றின் ஆகப் புகழ்பெற்ற ஹூக் என்று அதைச் சொன்னால் மிகையில்லை. அந்தக் கையின் கதை விசித்திரமானது. தென் கரோலினாவின் பண்ணையொன்றில் வளர்ந்த சிறுவன், பன்றியைச் சீண்டப்போய், அது துரத்த, விழுந்து இடது கையை முறித்துக்கொண்டான். வைத்தியம் பார்க்க வீட்டில் வசதியில்லை. கை கோணலாகவே கூடியது. பிறகு ஒருபோதும் முழுதாக நீளவில்லை. நீளாத அந்தக் கை ஹூக்குக்கென்றே மடங்கிக் காத்திருந்தது. ஃபிரேசியர் தன் கைக்கேற்ற குத்தைக் கண்டடைந்தார். நூறு பேருக்கு ஒரே அச்சை வைத்திருக்கும் ஆசிரியரிடம் அவர் முதல் நாளே மாட்டியிருந்தால், கையை நேராக நீட்டச் சொல்லியே அவரை விரட்டியிருப்பார்கள்.

ஹென்றி கூப்பரும் அப்படியே. இயல்பில் இடக்கையரான அவர், வலக்கையரைப் போல இடது காலை முன்வைத்து நின்றார். வலுவான கை முன்னால் வந்து சேர்ந்தது. 1963 ஜூன் 18 அன்று லண்டன் வெம்ப்ளியில், பின்னாளில் முகமது அலியாக மாறிய கேசியஸ் கிளேயை நான்காம் சுற்றின் இறுதியில் அந்த இடது ஹூக் தரையில் உட்காரவைத்தது. ஆட்டத்தை அடுத்த சுற்றிலேயே கூப்பர் இழந்தார் என்பது வேறு விஷயம்.

"புதிதாக வருகிறவனுக்கு ஒரே விதியைக் கொடுத்தால்தானே குழப்பமில்லாமல் கற்பான்?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். தொடக்கத்தில் ஒரு விதி வேண்டும். அது நெருக்கத்தில் நிமிர்ந்த முஷ்டியாக இருக்கட்டும். முழங்கையைக் காதுவரை உயர்த்தத் தேவையில்லாததால் தோளுக்கு அது இதமானது. மணிக்கட்டுக்கு அதிலுள்ள ஆபத்தை இறுகச் சுற்றிய துணியும், பொறுமையான வேகமும் பெருமளவு தணிக்கும். பிறகு தூரத்தைக் கூட்டி, முஷ்டி தானாகத் திரும்புவதை மாணவனே உணரட்டும். ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் மூன்று கேள்விகள் போதும். முழங்கை முஷ்டிக்குப் பின்னால் இருந்ததா? முதல் இரண்டு முட்டிகள் பட்டனவா? எங்கேனும் வலித்ததா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் மாறவேண்டியது விதிதான், மாணவனின் தோள் அல்ல.

எங்கள் நண்பர் இப்போது வேறொரு கூடத்துக்குப் போகிறார். அங்குள்ள ஆசிரியர் முதல் நாளில் அவரைக் குத்தச் சொல்லவில்லை. கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாராம். கற்பித்தல் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.