செவிலியர் சம்பளத்தை யார் தருவது?

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை." புற்றுநோய் முற்றிய நிலையில் ஊர் திரும்பும் எத்தனையோ குடும்பங்கள் கேட்ட பேச்சு இது. அது சரியல்ல. செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர், வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியர்.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் மாடி போர்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மார்பகப் புண்ணின் வாடை படியேறும்போதே வரும். உறவுக்காரர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். சிஸ்டர் வந்து புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுகிறார். சில நாளில் வாடை அடங்குகிறது. பிறகு தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் நோயாளியின் மகளுக்காக எழுதுகிறார்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே மார்ஃபின் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும் என்று பொறுமையாக விளக்குகிறார். கிளம்பும்போது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மகளிடம் கேட்கிறார். மாத்திரைகளின் விலை சொற்பம். விலைமதிப்புள்ளது அந்தச் சிஸ்டரின் கைப்பழக்கம்.

புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, நன்கொடை திரட்டி 1954இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த ஈரம் சென்னையில் வற்றிவிடவில்லை. தியாகராய நகரில் ஆர்.எம்.டி. அறக்கட்டளை, கீழ்ப்பாக்கத்தில் டீன் அறக்கட்டளை, வடக்கே மாத்தூரில் ஜீவோதயா என்று, குணமாகாது எனத் தெரிந்த பிறகும் நோயாளியைக் கைவிடாத அமைப்புகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நன்கொடைதான் மூச்சு. கொடுப்பவர்களோ கட்டடத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவற்றில் பெயர் எழுதலாம். மாதச் சம்பளத்தில் எங்கே எழுதுவது? பயிற்சி பெற்றவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போனால், குடும்பம் நடத்த வேண்டியவரை நாம் குறை சொல்ல முடியாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது மனதாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் பக்கவாதம், முதுமை என்று படுக்கையில் கிடக்கும் எல்லாரையும் பார்க்கும் ஒரே செவிலியரிடமே புற்றுநோய்ப் புண்ணையும் மார்ஃபின் கணக்கையும் விட்டுவிட முடியாது. உலக அளவில் ஆதரவு சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

தனியார் அறக்கட்டளைக்கு அரசுப் பணமா என்று கேட்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் தமிழக அரசு எத்தனை காலமாகச் சம்பளம் தருகிறது! நிர்வாகம் தனியார், சம்பளம் அரசு, கணக்குக்குத் தணிக்கை. கல்விக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு, சாகக் கிடப்பவர்களின் வலிக்கும் பொருந்தும். பதிவுபெற்ற ஆதரவு சிகிச்சை அமைப்புகளின் செவிலியர் பணியிடங்களை அரசு அங்கீகரித்து, அரசு செவிலியருக்கு இணையான ஊதியத்தை மானியமாகத் தர வேண்டும்.

கூடவே மருந்து விஷயம். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தம் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியது, என்றாலும் சீட்டு எழுத மருத்துவர் வேண்டும். உகாண்டாவில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரே மார்ஃபின் எழுதித்தர 2004இலேயே வழி செய்தார்கள். இங்கே அவ்வளவு தூரம் போகத் தயக்கம் இருந்தால், மருத்துவர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த வரம்புக்குள் அளவைக் கூட்டவாவது செவிலியருக்குத் தெளிவான விதி வேண்டும். இரவு 11 மணிக்கு வலியில் துடிப்பவரை விடியும்வரை காத்திருக்கச் சொல்வது கொடுமை. சுகாதாரத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.